விளக்குப் பொறிக்கு எந்த யூஎஸ்பி கேமரா?

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, பாலிடெக்னிக் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அப்பாவின் சம்பா வயலில், இரவில் ஒளி காட்டிப் பூச்சிகளை ஈர்த்துப் பிடிக்கும் விளக்குப் பொறி வைத்திருக்கிறோம். அதற்கு வரும் பூச்சிகளைத் தினமும் படமெடுத்து எண்ண வேண்டும் என்பது என் ப்ராஜெக்ட். கையில் ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினி இருக்கிறது. அது மோட்டார் கொட்டகைக்குள் இருக்கும், பொறி அங்கிருந்து 4 மீட்டர். 12 மெகாபிக்சல், ஆட்டோஃபோகஸ், நொடிக்கு 60 ஃப்ரேம் (படம்) என்று போட்டிருக்கும் சின்ன யூஎஸ்பி கேமரா மாட்யூல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?”

வாங்க வேண்டாம், தம்பி. அந்த மூன்று சிறப்புகளும் உண்மையாகவே இருந்தாலும் அவற்றில் ஒன்றுகூட உங்கள் வேலைக்கு உதவாது. உங்களுக்கு 2 மெகாபிக்சல் போதும். ஆனால் பெரிய பிக்சல் கொண்ட கலர் சென்சாரும் (படத்தைப் பதியும் சில்லு), கழற்றி மாற்றக்கூடிய எம்12 லென்ஸும், கையால் திருகி நிறுத்தும் ஃபோகஸும், யூவிசி என்ற பொது முறையில் கணினியோடு பேசும் போர்டும் ஒன்றாக அமைந்த மாட்யூலாக அது இருக்க வேண்டும். கும்பகோணத்தில் மாணவர்களின் ப்ராஜெக்ட் வேலைகளுக்குப் பல ஆண்டுகளாகத் துணைநின்று வருகிறேன். கேமரா வாங்கிவிட்டு வருந்தியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் மெகாபிக்சலைப் பார்த்து வாங்கியவர்களே. முதலில் பார்க்க வேண்டியது, படத்தில் தெரிந்தாக வேண்டிய மிகச் சிறிய பொருள் எது, அது எவ்வளவு பரப்பில் உட்காரும், அங்கே என்ன வெளிச்சம் இருக்கும் என்பதைத்தான். இந்த மூன்றுக்கும் விடை எழுதிவிட்டால் எந்த மாட்யூல் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

நெல் வயலில் விளக்கைத் தேடி வருபவற்றுள் குருத்துப்பூச்சியின் அந்து, பச்சைத் தத்துப்பூச்சி, புகையான் ஆகிய மூன்றையும் உங்கள் எண்ணிக்கைக்கு எடுத்துக்கொள்வோம். குருத்துப்பூச்சியின் பெண் அந்து மஞ்சள் நிறமுடையது. முன் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி இருக்கும், அந்தப் புள்ளியை வைத்தே அதை அடையாளம் காண்கிறோம். புகையானும் தத்துப்பூச்சியும் ஏறத்தாழ 4 மி.மீ. நீளந்தான். அவ்வளவு சிறிய உடலில், படத்தில் இரண்டையும் எளிதாகப் பிரித்துக் காட்டுவது பழுப்பா பச்சையா என்ற நிறமே. ஆகவே, இரவில் எடுக்கும் படம் என்றதும் பலரும் சொல்லும் கறுப்பு வெள்ளைச் சென்சாரையும் அகச்சிவப்பு எல்இடியையும் இந்த வேலைக்கு ஒதுக்கிவிடலாம். அகச்சிவப்பில் பச்சையும் பழுப்பும் ஒரே சாம்பலாகத்தான் தெரியும்.

பொறியின் தட்டில் தண்ணீருக்குள் விழுந்த பூச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கும். அந்தக் குவியலை எந்தக் கேமராவாலும் எண்ண முடியாது. அதற்குப் பதிலாக விளக்கின் அருகே 30 செ.மீ. அகலமும் 17 செ.மீ. உயரமும் உள்ள வெள்ளைப் பலகை ஒன்றை நிறுத்தி, அதில் வந்து உட்காருபவற்றைப் படமெடுங்கள். 1920 பிக்சல் அகலமுள்ள படத்தில் இந்த 300 மி.மீ. பரவும்போது ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 6.4 பிக்சல் கிடைக்கிறது. புகையானின் உடல் 25 பிக்சல் நீளத்துக்கு விழும். அந்தின் கரும்புள்ளி 1 மி.மீ. என்று கொண்டாலும் 6 பிக்சல் அளவில் தெரியும். நிரலைப் பழக்குவதற்கும் மனிதக் கண்ணால் சரிபார்ப்பதற்கும் இது போதுமானது. 640 பிக்சல் அகலமுள்ள பழைய விஜிஏ கேமராவில் இதே புகையான் 8 பிக்சலாகச் சுருங்கி, தூசிக்கும் பூச்சிக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும். எனவே 2 மெகாபிக்சல் என்பது இங்கே கீழெல்லை.

அப்படியானால் மேலே போகப் போக இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். 5 மெகாபிக்சல் ஓவி5640 சென்சாரில் அகலம் 2592 பிக்சல். புகையான் 34 பிக்சலாக வளரும். ஆனால் அந்தச் சென்சாரின் பிக்சல் 1.4 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 2 மெகாபிக்சல் ஓவி2710 சென்சாரிலோ பிக்சல் 3 மைக்ரான். பரப்பில் கணக்கிட்டால் பெரிய பிக்சல் சுமார் நாலரை மடங்கு. ஒரே அளவு லென்ஸ் துளையும் ஒரே எக்ஸ்போஷரும் (சென்சாரில் ஒளி படும் நேரம்) வைத்தால் அத்தனை மடங்கு வெளிச்சம் அதில் விழும். பகலில் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவே மாட்டீர்கள். இரவில் சிறிய பிக்சலின் படம் முழுவதும் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் ஏறி, அந்தப் புள்ளிகளையே உங்கள் நிரல் பூச்சி என்று எண்ணத் தொடங்கும். 12 மெகாபிக்சல் மாட்யூல்களில் பிக்சல் பெரும்பாலும் இன்னும் சிறியது. இன்னும் குறைந்த வெளிச்சத்தில் வேலை செய்ய வேண்டியிருந்தால், 2.9 மைக்ரான் பிக்சலுடன் குறைந்த ஒளிக்கென்றே சோனி உருவாக்கிய ஐஎம்எக்ஸ்291 சென்சார் உள்ள மாட்யூலைப் பாருங்கள்; அதுவும் 2 மெகாபிக்சல்தான்.

அடுத்தது லென்ஸ். என் அனுபவத்தில் சென்சாரைவிட இதில்தான் அதிகம் தவறுகிறார்கள், ஆனால் கணக்கு மிக எளிது. சென்சாரின் அகலத்தைப் பொருளின் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் படத்தில் அடங்கும் அகலம் கிடைக்கும். ஓவி2710 சென்சாரின் அகலம் 5.76 மி.மீ. அதற்கு 6 மி.மீ. லென்ஸைப் போட்டால் 31 செ.மீ. தூரத்தில் உங்கள் பலகையின் 30 செ.மீ. அகலம் சரியாக அடங்கிவிடும். மாட்யூலுடன் பல நேரம் சேர்ந்து வரும் 3.6 மி.மீ. லென்ஸுக்கு 19 செ.மீ. வரை கிட்டே போக வேண்டியிருக்கும்; அப்போது ஓரங்களில் நேர்க்கோடுகள் வளையும், கேமராவின் நிழலும் பலகைமேல் விழும். எம்12 என்பது 12 மி.மீ. விட்டமுள்ள திருகு. அந்தத் திருகுள்ள லென்ஸ்கள் 2.8, 3.6, 6, 8, 12, 16 மி.மீ. என்று தனித்தனியாகவே விற்கின்றன என்பதால், போர்டை அப்படியே வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லென்ஸ் ஒட்டியே வரும் செல்போன் பாணிச் சில்லு மாட்யூலில் இந்த வழி அடைபட்டுப் போகிறது.

லென்ஸ் மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். அகச்சிவப்பைத் தடுக்கும் மெல்லிய வடிகட்டிக் கண்ணாடி சில மாட்யூல்களில் லென்ஸின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும், சிலவற்றில் லென்ஸ் தாங்கிக்குள் இருக்கும். லென்ஸோடு அதுவும் போய்விட்டால் பகலில் பச்சை இலையும் கறுப்புத் துணியும் ஊதாவாகத் தெரியும். நிறத்தை நம்பியிருக்கும் உங்கள் வேலை அதோடு கெடும். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் வடிகட்டி செந்நிறமாகவோ நீலப்பச்சையாகவோ மின்னும். புதிய லென்ஸ் வாங்கும்போது அந்த மினுக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஃபோகஸ் வைப்பது பொறுமை வேண்டும் வேலை. 6 மி.மீ. லென்ஸை வெகுதூரக் காட்சிக்கான நிலையிலிருந்து 31 செ.மீ.க்குக் கொண்டுவர, அது சென்சாரைவிட்டு 0.12 மி.மீ. மட்டுமே விலகினால் போதும். எம்12 திருகின் ஒரு முழுச் சுற்று 0.5 மி.மீ. என்பதால் அது கால் சுற்றுதான். தாங்கியின் பக்கத்தில் உள்ள பொடித் திருகாணியை முதலில் தளர்த்துங்கள். பலகையில் பள்ளிப் பிள்ளைகளின் 15 செ.மீ. ஸ்கேலை ஒட்டிவிட்டு, லென்ஸின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்கு மட்டும் திருப்பி, கையை எடுத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். மில்லிமீட்டர் கோடுகள் தனித்தனியாகப் பிரியும் நிலையைத் தாண்டிச் சற்றே போய், மறுபடி திரும்பி வந்து நிறுத்தினால்தான் சரியான இடம் எது என்று கைக்குப் பிடிபடும். பொறி ஓரிடத்தில் நிற்கிறது, பலகையும் ஓரிடத்தில் நிற்கிறது. அங்கே ஆட்டோஃபோகஸுக்கு வேலையே இல்லை. இருந்தால் கேடுதான். கேமராவுக்கு முன்னால் ஓர் அந்து பறந்துபோனால் அதைத் துரத்தி லென்ஸ் முன்னும் பின்னும் அலையும், அந்த நிமிடத்தின் படம் முழுவதும் மங்கிப்போகும்.

இனி வெளிச்சம். பொறியின் விளக்கு படத்துக்குள் வரக்கூடாது. வந்தால் தானியங்கி எக்ஸ்போஷர் அந்த ஒளியைப் பார்த்துப் பலகையை இருட்டடித்துவிடும். வெறும் வெள்ளைப் பலகையே அதை ஏமாற்றும், வெள்ளையைச் சாம்பலாக்கத்தான் அது முயலும். எனவே எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) இரண்டையும் கையால் நிலைநிறுத்த வேண்டும். லினக்ஸில் வி4எல்2-சிடிஎல் என்ற கட்டளை இதற்கு இருக்கிறது. அதில் ஆட்டோ எக்ஸ்போஷரின் மதிப்பு 1 என்றால் மேனுவல், 3 என்றால் தானியங்கி. எக்ஸ்போஷர் நேரத்தின் அலகு ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கம்பியில் வரும் மின்சாரத்தில் நேரடியாக எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறையும். எக்ஸ்போஷரை 100, 200, 300 என்று, அதாவது 10 மில்லிநொடியின் மடங்குகளாக வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடாது. பவர்லைன் ஃப்ரீக்வென்சி என்ற அமைப்பையும் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 60-க்கு அமைத்தே வரும் போர்டுகள் உண்டு. இவற்றோடு பலகையின் இரு பக்கமும் சாய்வாக வெள்ளை எல்இடி பட்டை ஒன்றை வைத்து, பையில் நிரலால் இயக்கக்கூடிய ஜிபிஐஓ முனையிலிருந்து, சுவிட்சாக வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட் வழியாக, படமெடுக்கும் ஒரு நொடிக்கு மட்டும் எரியவிடுங்கள். பொறியின் விளக்கு மாறினாலும் மங்கினாலும் படங்கள் ஒரே தரத்தில் இருக்க இதுவே வழி.

60 ஃப்ரேமுக்கு வருவோம். மாலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் மொத்தம் 240 படங்கள். உங்களுக்குத் தேவையான வேகம் அவ்வளவுதான், அந்த மெதுவை நீங்கள் ஒரு நன்மையாகவே மாற்றிக்கொள்ளலாம். யூஎஸ்பி 2.0 கம்பியில் பெயரளவு வேகம் நொடிக்கு 480 மெகாபிட். கேமராக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும், தரவைச் சீரான இடைவெளியில் அனுப்பும் ஒத்தநேரப் பரிமாற்றத்தில் செல்லக்கூடிய உச்சம் நொடிக்குச் சுமார் 24 மெகாபைட். சுருக்காத ஒய்யூஒய்வி வடிவத்தில் ஒரு பிக்சலுக்கு 2 பைட் வேண்டும். 640க்கு 480 படம் 30 ஃப்ரேம் ஓடினால் 18 மெகாபைட், அது அடங்கும். 1920க்கு 1080 படம் 30 ஃப்ரேம் என்றால் 124 மெகாபைட், அடங்கவே அடங்காது. அதனால்தான் உயர் ரெசல்யூஷனில் வேகமாக ஓட மாட்யூல்கள் எம்ஜேபெக் என்று ஒவ்வொரு ஃப்ரேமையும் ஜேபெக்காகச் சுருக்கி அனுப்புகின்றன. அந்தச் சுருக்கம் நிற விவரத்தைத்தான் முதலில் தேய்க்கும். 25 பிக்சல் பூச்சியின் பழுப்பும் பச்சையும் அங்கே கலங்கும். ஒய்யூஒய்வியில் 1080 அளவை 5 ஃப்ரேமில் கேட்டால் 20.7 மெகாபைட்தான், சுருக்காத படமே உங்களுக்குக் கிடைத்துவிடும். மாட்யூலின் விவரப் பக்கத்தில் “1080 ஒய்யூஒய்வி 5 ஃப்ரேம்” என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். மற்றவர்கள் குறையாகப் பார்க்கும் அந்த வரிதான் உங்களுக்கு வேண்டியது.

யூவிசி என்பது யூஎஸ்பி கேமராக்களுக்கான பொது மொழி, 2003-ல் வகுக்கப்பட்டது. 2008-ல் வந்த லினக்ஸ் 2.6.26-லிருந்து அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. எனவே யூவிசி மாட்யூலைப் பையில் செருகினால் தனி டிரைவர் எதுவும் இல்லாமல் வேலை செய்யும், அதையே லேப்டாப்பில் செருகியும் சோதித்துப் பார்க்கலாம். தனி டிரைவர் சிடி தருகிறோம் என்று சொல்லும் எதையும் வாங்காதீர்கள். ஆர்டுவினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் போர்டில் இந்தக் கேமராவைச் செருக முடியுமா என்று வேறு சிலர் கேட்பதுண்டு. அந்தப் போர்டு யூஎஸ்பி சாதனங்களை ஏற்று நடத்தாது, முடியாது.

பை 3-இல் நான்கு யூஎஸ்பி வாயில்களும் ஈதர்நெட்டும் உள்ளே ஒரே யூஎஸ்பி 2.0 பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. பிற்பாடு இரண்டாவது கேமரா சேர்த்தால் “நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்” என்ற பிழை வரலாம். அது மெமரி கார்டில் இடமில்லை என்பதைக் குறிக்கவில்லை, அந்தப் பாதையில் இடமில்லை என்பதைக் குறிக்கிறது. இரண்டையும் மாறி மாறித் திறந்து மூடினால் தீர்ந்துவிடும்.

நான்கு மீட்டர் கேபிளை அலட்சியம் செய்யாதீர்கள். யூஎஸ்பி 2.0-வுக்கு 5 மீட்டர் வரை செல்லும் என்றாலும், மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் வழியிலேயே கரையும். கேபிளின் மேலுறையில் பொடி எழுத்தில் 28 ஏடபிள்யூஜி, 24 ஏடபிள்யூஜி என்று கம்பியின் தடிமனை அச்சிட்டிருப்பார்கள்; எண் குறையக் குறையக் கம்பி தடிமன். உள்ளே மின்சாரம் செல்லும் கம்பியும் 28 ஆக இருந்தால் போய்வர 8 மீட்டருக்கு 1.7 ஓம்; 200 மில்லிஆம்பியர் இழுக்கும் கேமராவுக்கு 0.34 வோல்ட் அங்கேயே போய்விடும். 24 என்றால் இழப்பு 0.13 வோல்ட்தான். நம் ஊர் மோட்டார் கொட்டகையில் மோட்டார் ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் தள்ளாடுவது உங்களுக்கே தெரியும். பையை நேரடியாக அந்த இணைப்பில் ஓட்டாமல், 12 வோல்ட் பேட்டரியும், அதை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் பக் கன்வெர்ட்டரும் வைத்து ஓட்டுங்கள். பை இயங்கிக்கொண்டே இருக்க, கேமரா மட்டும் நடு இரவில் காணாமல் போகிறது என்று என்னிடம் வந்த புகார்களில் பாதிக்கு மேல் கேபிள் மாற்றியதும் தீர்ந்தன.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் டெல்டாவில் கேமரா வைக்கச் சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையைவிட மார்கழிப் பனிதான் லென்ஸுக்குக் கொடியது. பெட்டிக்குள் அடைபட்ட காற்றின் ஈரம் விடியற்காலையில் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்துவிடும். ரப்பர் விளிம்புள்ள ஜங்ஷன் பெட்டியில் மாட்யூலை வைத்து, முகப்பில் சாதாரணக் கண்ணாடித் துண்டைச் சிலிக்கோன் பசையால் ஒட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, கேபிளைப் பெட்டியின் அடிப்பக்கத்திலிருந்து கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் மூடி) வழியாக வெளியே எடுங்கள். அந்த ஓட்டையை அடைக்காமல் விட்டால் சிற்றெறும்பு குடியேறும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்தில் வைப்பவர்கள் உப்புக் காற்றுக்காகப் போர்டின் மீது, லென்ஸையும் இணைப்பானையும் மூடிவிட்டு, சர்க்யூட் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுப்பது அவசியம்.

இதே கேள்வியை அரிசி ஆலைக்கு நெல் தரம் பிரிக்கும் ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்டிருந்தால் என் பதில் முழுவதும் மாறியிருக்கும். 20 செ.மீ. உயரத்திலிருந்து விழும் நெல்மணி கேமராவின் முன் வரும்போது நொடிக்கு சுமார் 2 மீட்டர் வேகத்தில் இருக்கும். ஓவி2710 போன்ற சென்சார்கள் படத்தை வரிவரியாக மேலிருந்து கீழாக வாசிக்கும் ரோலிங் ஷட்டர் வகை. ஒரு படத்தை வாசித்து முடிக்க 30-ல் ஒரு நொடி ஆகுமானால் அதற்குள் மணி 6 செ.மீ.க்கு மேல் விழுந்துவிடும், உருவம் இழுபட்டுக் கோணலாகும். அங்கே எல்லா வரியும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டர் சென்சார் வேண்டும். 1280க்கு 800 பிக்சல் கொண்ட ஓவி9281 அப்படிப்பட்டது, கறுப்பு வெள்ளை. எக்ஸ்போஷரையும் பத்தாயிரத்தில் ஒரு நொடிக்குக் குறைத்து, பலமான ஒளி கொடுத்தால் மங்கல் 0.2 மி.மீ.க்குள் அடங்கும். பலகையில் உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கு இந்தச் செலவு தேவையில்லை.

பையை கேமராவுக்குப் பக்கத்திலேயே வைக்க முடிந்தால், ரிப்பன் கேபிளில் இணையும் சிஎஸ்ஐ கேமரா இன்னும் தெளிவான படத்தைத் தரலாம். உங்களுக்கு இடைவெளி 4 மீட்டர் என்பதால் யூஎஸ்பியே சரி.

பொட்டலம் வந்த அன்றைக்கே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், மேஜைமேல் வைத்துச் சோதித்துவிடுங்கள். 5 மெகாபிக்சல் என்று எழுதி எனக்கு வந்த ஒரு மாட்யூலுக்குள் இருந்தது விஜிஏ சென்சார். போர்டு அந்தச் சிறிய படத்தை ஊதிப் பெரிதாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. வடிவங்களைப் பட்டியலிடும் கட்டளையும் அதைப் பெரிய படம் என்றே காட்டியது. அதைக் காட்டிக்கொடுத்தது ஸ்கேல்தான். வெள்ளைத் தாளின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு ஸ்கேல் துண்டை ஒட்டி, 31 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் வைத்து ஒரு படமெடுத்து, கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். மில்லிமீட்டர் கோடுகள் ஆறு பிக்சலுக்கு ஒன்றாக எல்லா இடத்திலும் தனித்துத் தெரிந்தால் அந்த மாட்யூலை வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தெரிந்து மூலைகளில் மட்டும் குழம்பினால் லென்ஸை மாற்றினால் போதும். ஃபோகஸை எப்படித் திருகியும் நடுவிலேயே கோடுகள் பிரியாவிட்டால், கேபிளோடு சேர்த்துப் பொட்டலம் கட்டித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.